ஆறாயிரம் உருட்டல்

பதினொன்று ஐந்துக்கு அந்தச் சோதனைப் போன் தானாகப் பகடை உருட்ட ஆரம்பித்தது. தொடுகிற கை கிடையாது. அரை நொடிக்கு ஒரு தரம் திரையில் பகடை எழும்பிச் சுழன்று விழுகிறது, நான்கு, இரண்டு, ஐந்து, இரண்டு, மூன்று, ஒவ்வொன்றுக்கும் டக் என்று ஒரு சத்தம் வேறு, அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்து வைத்த மகராசனைக் கூப்பிட்டு ஆறாயிரம் தரமும் காதோரம் கேட்கவைக்க வேண்டும் என்று குழல்வாய்மொழி நினைத்துக்கொண்டாள். ஆறாயிரம் உருட்டல், ஐம்பது நிமிஷம். பன்னிரண்டு மணிக்குக் ‘கட்டம் ராஜா’ விளையாட்டின் புதுப் பதிப்பு வெளியே போகவேண்டும், ஐந்து லட்சம் போன்களில் போய் உட்காரவேண்டும், அதற்கு முன்னால் சோதனை செய்கிறவள் தன் கணினியில் பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும், சோதனை செய்கிறவள் அவள்தான். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி, முப்பத்தோரு பேர், அதில் நாற்பத்து மூன்று வயதில் ஒருத்திதான், மற்றதில் பாதி நேற்றுக் கல்லூரி முடித்தவை, அவள் பேரை முழுசாகச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை, குழலி அக்கா என்று வெட்டிவிட்டார்கள், சம்பளச் சீட்டில்கூட வெட்டிய பேர்தான். பச்சைக்குப் பக்கத்திலேயே, வெளியே போகாமல் நிறுத்திவைக்க, ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. ஏழு வருஷத்தில் அதை அவள் எண்ணி இரண்டு தரம் அமுக்கியிருப்பாள், இரண்டும் எழுத்துப் பிழைக்காக. இன்றைக்கு அமுக்கினால் அது எழுத்துப் பிழைக்காக இருக்காது. ஐந்து, மூன்று, மூன்று, நான்கு. ஒன்று எங்கே, ஆறு எங்கே என்று கண் தேடியது. தேடாதே என்று கண்ணை அதட்டினாள், தேடுகிற கண் பொய் சொல்லும், ஆறாயிரமும் முடிந்தபிறகு எண்ணிக்கை தானே வரும், அதுவரைக்கும் சும்மா இரு.

சும்மா இருக்கமுடிந்தால் எதற்கு இந்தப் பாடு. சும்மா இருந்ததால் வந்த வினைதானே இது என்று உடனே இன்னொன்று உள்ளே எழுந்தது. எல்லாம் அந்த ஆவுடையப்பன் எழுதிய கடிதத்தில் ஆரம்பித்தது, பாபநாசத்துப் பக்கம், பொதுப்பணித் துறையில் மழைமானி பார்த்து ஓய்வுபெற்றவராம், முப்பத்தோரு வருஷம் தினமும் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதிய கை, ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கைக்கு எதையாவது எழுதாமல் இருக்கமுடியவில்லை போல, பகடையை எழுதியிருக்கிறார். நோட்டைப் படம் பிடித்துப் புகார்ப் பெட்டியில் போட்டிருந்தார். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், அறுநூறு முறை உருட்டியதில் ஒன்று 58, இரண்டு 123, மூன்று 117, நான்கு 121, ஐந்து 120, ஆறு 61. ஆறு விழுந்தால்தான் காய் வீட்டைவிட்டு வெளியே வரும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆறு ஏன் விழவில்லை என்று தெரிவிக்கவும். ஆபீசில் அதைப் பெரிய திரையில் போட்டுச் சிரித்தார்கள். பெருசுக்கு வேற வேலை இல்லக்கா என்றான் ஒருத்தன். அவளும் சிரித்தாள், இதை எதற்கு மறைப்பது, கொஞ்சம் தாராளமாகவே சிரித்தாள். தோற்கிறவர்கள் எல்லோரும் பகடையைத்தான் திட்டுவார்கள், ஜெயித்தவன் எவனாவது பகடை சரியில்லை என்று எழுதியிருக்கிறானா. அப்புறம் பதில் அனுப்பினாள். எங்கள் பகடை முறையாகச் சோதிக்கப்பட்டது, சராசரி மூன்றரை, ஆறு பக்கங்களுக்கும் சம வாய்ப்பு, தங்கள் ஆதரவுக்கு நன்றி. மார்ச் மாதம் அவளே பத்தாயிரம் தரம் உருட்டிச் சராசரி எடுத்து, மூன்றரை வந்ததும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட சோதனைதான் அது. சோதனைப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது, சராசரி மூன்றரை வருகிறதா, ஆம், இல்லை. அவள் ஆம் என்றாள். சராசரி சரியாக இருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று ஆபீஸ் முழுக்க ஒரு நம்பிக்கை, யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் இருந்தது.

நாலே நாளில் இரண்டாவது கடிதம். அதை அவள் யாருக்கும் காட்டவில்லை, பெரிய திரையில் போடவும் விடவில்லை. மனப்பாடமே ஆகிவிட்டது, பல் தேய்க்கும்போதுகூட ஓடுகிறது. அம்மையீர், வருஷ மழையின் சராசரி சரியாக இருந்தும், ஐப்பசியில் பெய்யவேண்டியது சித்திரையில் கொட்டினால் வயல் என்ன ஆகும். சராசரி எனக்கு வேண்டாம். ஆறு எங்கே போகிறது என்று மட்டும் சொல்லவும். என் வீட்டம்மாள் கோமுவுக்குப் போன வருஷத்திலிருந்து வலது கை விளங்காது. இடது கையால் உருட்டுகிறாள். ஆறு விழாததற்குத் தன் இடது கையின் ராசிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறாள். இப்போது விளக்கேற்றவும் அந்தக் கையை நீட்டமாட்டேன் என்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் கடிதம், கீழே கையெழுத்து, நாள், நேரம் காலை 8.30. ராசி என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் குழல்வாய்மொழி அங்கேயே நின்றுவிடுவாள். அந்த வார்த்தையை அவளுக்குத் தெரியும். புகுந்த வீட்டுக்குள் கூடவே குடியிருந்த வார்த்தை அது. கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது ஒரு தரம், மாமனார் போய்ச் சேர்ந்தபோது ஒரு தரம், கிணற்றில் தண்ணீர் வற்றியபோதுகூட ஒரு தரம், கோடையில் கிணறு வற்றும் என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது போலிருக்கிறது. வந்தவ ராசி. மூன்று வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே ஏதாவது தொடுமுன் ஒரு கணம் கையை இழுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அது அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது, அவர்கள் சொன்னதைவிடத் தான் நம்பியது.

பகடை விழுந்தது, ஆறு. மறுபடி ஆறு. மறுபடியும் ஆறு. மூன்று ஆறு அடுத்தடுத்து. அப்படியானால் சரியாகத்தான் விழுகிறதோ, பெருசு தப்பாக எண்ணிவிட்டாரோ, அவர் எழுதினதை நம்பி ஒரு ஆபீசையே எதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ, அணித் தலைவன் இளம்பரிதி கேட்ட மாதிரி நமக்கு எதுக்கு இந்த வேலை. இல்லை, நில், மூன்று தரம் அடுத்தடுத்து விழக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது, சின்ன எண்ணிக்கை எதையும் சொல்லும், அதற்காகத்தானே ஆறாயிரம். நேற்றுச் சாயங்காலம் அவள் அங்கே யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். சோதனை செய்கிறவர்கள் வெளியே இருந்து தட்டிப் பார்க்கவேண்டும், உள்ளே எழுதியிருக்கிற நிரலைத் திறந்து படிக்கக்கூடாது என்று ஒன்றுமில்லை, ஆனால் யாரும் படிப்பதில்லை. அவள் திறந்தாள். பகடைக்கு இருந்தது ஒரே ஒரு வரி. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் கணினி ஏதோ ஒரு பின்னத்தைக் கொடுக்கும், அதை ஐந்தால் பெருக்கு, பக்கத்தில் இருக்கிற முழு எண்ணுக்குத் தள்ளு, ஒன்று கூட்டு. பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது அந்த வரி. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அண்ணா நகர் தாண்டுகிறபோது, ஒரு தெருமுனையில் குழாயடியைப் பார்த்தாள், குடங்கள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் புரிந்தது. ஒரு நேர் தெரு, சம தூரத்தில் ஆறு குழாய், முதல் குழாய் இந்த முனையில், கடைசிக் குழாய் அந்த முனையில், ஒவ்வொரு வீட்டாரும் பக்கத்துக் குழாய்க்குத்தான் போவார்கள். நடுவில் இருக்கிற குழாய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரும். முனையில் இருக்கிற குழாய்க்கு ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், அந்தப் பக்கம் தெருவே இல்லையே. வீடுதான் பின்னம், குழாய்தான் பகடையின் எண், முனையில் நிற்கிற ஒன்றுக்கும் ஆறுக்கும் பாதிக் கூட்டம்தான். இரண்டு முனையிலும் ஒரே அளவு குறைவதால் சராசரி மட்டும் நகராமல் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருக்கும், மூன்றரை, மூன்றரை என்று. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தாள், நடக்கும்போது சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் மார்ச் மாதக் கையெழுத்து ஞாபகம் வந்தது.

“என்னக்கா, இன்னும் ஓடுதா?” இளம்பரிதி வந்து மேஜையின் ஓரத்தில் சாய்ந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், அந்த ஒரு வரியை நாலு வருஷத்துக்கு முன் எழுதியவனும் அவன்தான். காரியம் ஆகவேண்டுமென்றால் அக்கா, கோபம் வந்தால் மேடம். இப்போது அக்கா. “அந்த ரேண்டம் ஃபங்ஷன உலகமே யூஸ் பண்ணுதுக்கா. அதுல போயி தப்புன்னா யாராச்சும் நம்புவாங்களா?” அதில் தப்பு இல்லை சார், அது கொடுக்கிற பின்னம் சரிதான், வாங்கினதை நாம பிரிக்கிற விதத்தில்தான் தப்பு, அரிசி நல்ல அரிசி, அளக்கிற படிதான் சரியில்லை என்று அவள் சொன்னாள். தெருக்குழாயையும் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது, வேண்டாம், நோட்டு வைத்திருக்கிற ஒரு பெருசைப் பார்த்து ஆபீஸ் சிரித்த சிரிப்பே போதும். சோதனைப் போனில் விழுகிற பகடையை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. எழுதியவனுக்கு ஒரு நிமிஷம் போதும், ஒரு மனிதனுக்குத் தன் தப்பு தெரிகிறபோது கழுத்து லேசாக உள்ளே போகும், போனது. “சரி, இருக்கட்டும், அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்ப மாத்தினா நாலு வருஷமா ஜெயிச்சவன் தோத்தவன் எல்லாம் கிளம்பி வருவான். அந்தப் பாபநாசம் புகார மட்டும் மூடிருங்க. ஒரு புகார் தொறந்திருந்தாலும் சிஸ்டம் வெளிய விடாதுன்னு உங்களுக்கே தெரியும்.” தெரியும். அவன் எழுந்தான், இரண்டு எட்டு வைத்தான், திரும்பாமலே சொன்னான், “மார்ச் ரிப்போர்ட்ல இருக்கிறது உங்க கையெழுத்து மேடம். என் பேர் அதுல இல்ல.” மேடம் வந்துவிட்டது.

ஆமாம், என் கையெழுத்து. அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா. பகடை தப்பு என்றால் முதலில் தலை உருளப்போவது அவளுடையது, சோதனை செய்தவளே தப்பாகச் செய்தாள் என்று ஆகும், முப்பத்தாறு வயதில் ஆறு மாதப் படிப்பு படித்து நுழைந்தவள், டிகிரிக்கும் கணினிக்கும் சம்பந்தம் இல்லாதவள், இந்த வேலை போனால் நாற்பத்து மூன்று வயசுக்காரியை எவன் கூப்பிட்டு உட்காரவைப்பான். பச்சையை அமுக்கு. ஒரு விரல், ஒரு தட்டு. அறுநூறு தரம் உருட்டி எழுதின மனுஷன் அறுநூற்று ஒன்றாவது தரமும் உருட்டிவிட்டு ஒரு நாள் அலுத்து விட்டுவிடுவார், கோமு என்கிற அந்த அம்மாள் இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதானே, யாரும் சாகப்போவதில்லை. அவ்வளவுதானா. பயம் எப்போதும் இப்படித்தான் பேசும், அவ்வளவுதானே என்று, அவளுக்கு அந்தக் குரல் நன்றாகப் பழக்கம், கல்யாணத்தன்றைக்கும் அதுதான் பேசியது. கைப்பேசி அதிர்ந்தது, அவளுடையது, தென்காசியிலிருந்து அம்மா. என்னட்டி, புது மாத்திர வாங்கியாச்சு, காலைல போடுறது நீல அட்டையா வெள்ள அட்டையா. வெள்ள அட்டைம்மா. வெள்ளை என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. வெள்ளைப் பூ, சிவப்புப் பூ. பூக்கட்டிப் பார்த்துத்தான் அந்தச் சம்பந்தத்தை முடித்தார்கள். ஒரு தாளில் நந்தியாவட்டை, ஒரு தாளில் செவ்வரளி, இரண்டையும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, சின்னப்பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொன்னார்கள், வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அன்றைக்குக் காலையில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, வெள்ளையைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

“எம்மா, ஒண்ணு கேக்கட்டா. அன்னைக்கு பூக்கட்டிப் பாத்தோம்லா, எடுக்காத பொட்டலத்த யாராவது பிரிச்சுப் பாத்தியளா?” அந்தப் பக்கம் மிக்சியோ எதுவோ ஓடி நின்றது. “அத எதுக்கு இப்பக் கேக்க?” “சும்மாதான். பிரிச்சியளா?” “அத ஏன்ட்டி பிரிக்கணும், சாமி உத்தரவு குடுத்தாச்சு. பொறவு பிரிச்சா சாமியச் சந்தேகப்பட்ட மாதிரில்லா ஆயிரும். அப்படியே ஆத்துல விட்டாச்சு.” “ரெண்டுலயும் வெள்ளையே இருந்திருந்தா?” அம்மா ஏதோ பாத்திரத்தை இறக்கிவைத்த சத்தம் கேட்டது. “உங்க மாமாதான் கட்டுனான். ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்புன்னு சொல்லித்தான் போட்டான். நான் பாக்கல. எனக்கு எப்படித் தெரியும்” என்றாள், பிறகு குரல் தாழ்ந்து, “பாத்திருக்கணுமோ” என்றாள். குழல்வாய்மொழிக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை, வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மாமா ஏமாற்றியிருப்பார் என்றும் தோன்றவில்லை, இன்னொரு பொட்டலத்தில் செவ்வரளியே இருந்திருக்கலாம், யார் கண்டது, அதுதானே விஷயம், யாருமே காணவில்லை. ஒருத்தரும் வஞ்சகம் செய்யவில்லை, ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை, அம்மன் மேல் போட்டார்கள், அப்புறம் அவள் ராசியின் மேல் போட்டார்கள். இளம்பரிதியும் வஞ்சகன் இல்லை, ஒரு வரியைச் சரி என்று நம்பி எழுதினான், நான் சராசரியை நம்பி டிக் அடித்தேன், இரண்டு பேரும் சேர்ந்து பாபநாசத்தில் ஒருத்தியின் இடது கையின் மேல் கொண்டுபோய்ப் போட்டோம். ஒரு அப்பிராணிப் பொம்பளை தன் கையையே வெறுக்கவைக்க இத்தனை நல்லவர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். “வெள்ள அட்டதாம்மா, சாப்ட்டுட்டுப் போடு” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்று, ஐந்து, இரண்டு. பதினொன்று ஐம்பது. இனி எண்ணிக்கை சமமாக வந்தாலும் வரட்டும், வந்தால் அதையும் அப்படியே எழுதுவேன், உங்கள் நோட்டு தப்பு என்று அவருக்கு எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, ஆனால் பார்த்துவிட்டு எழுதுவேன், பார்க்காமல் இன்னொரு வார்த்தை எழுதமாட்டேன், என் வேலைக்காகவும் மாட்டேன், நாலு வருஷமாக ஜெயித்தவர்கள் எல்லோரும் கிளம்பி வந்து வாசலில் நின்றாலும் மாட்டேன். இளம்பரிதி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைக் காட்டினான். அவள் தலையாட்டினாள், என்ன அர்த்தத்தில் ஆட்டினாள் என்று அவன்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்தைந்துக்குச் சத்தம் நின்றது. ஐம்பது நிமிஷம் காதில் ஏறியது நின்றதும் மின்விசிறி ஓடுவதே அப்போதுதான் கேட்டது. திரையில் ஆறு வரி. ஒன்று 607. இரண்டு 1189. மூன்று 1204. நான்கு 1211. ஐந்து 1196. ஆறு 593. கீழே, பழக்கத்தை விடாமல், சராசரி 3.5. இரண்டு தரம் படித்தாள். பாபநாசத்து நோட்டைப் பத்தால் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது, எட்டரை மணிக் கை தப்பாக எழுதவில்லை. சந்தோஷம் என்று சொல்லமுடியாது, ஆனால் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

சிவப்பை அமுக்கினாள். காரணம் எழுது என்று கட்டம் கேட்டது, ஆறு எண்ணையும் எழுதினாள், அதன் கீழே, மார்ச் சோதனையில் சராசரியை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான், அது தவறு என்றும் எழுதினாள். பிறகு புகார்ப் பெட்டியைத் திறந்தாள். மூடவில்லை, பதில் எழுதினாள். மதிப்பிற்குரிய ஆவுடையப்பன் ஐயா, தாங்கள் எழுதிய எண்ணிக்கை சரி. இன்று ஆறாயிரம் முறை உருட்டிப் பார்த்தேன். மற்ற எண்களுக்குக் கொடுப்பதில் சுமார் பாதிதான் ஒன்றுக்கும் ஆறுக்கும் எங்கள் பகடை கொடுக்கிறது. முன்பு தங்களுக்குப் பார்க்காமல் பதில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இதைத் தங்கள் வீட்டம்மாளிடம் தயவுசெய்து வாசித்துக் காட்டவும். அம்மா, உங்கள் இடது கையில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் பகடையில். இன்று விளக்கை நீங்கள் ஏற்றவேண்டும். இப்படிக்கு என்று போட்டுவிட்டுப் பேரை முழுசாக அடித்தாள், ஒரு எழுத்து குறைக்கவில்லை. அனுப்பினாள். கண்ணாடிக் கதவு திறந்தது, இளம்பரிதி வேகமாக வந்தான், அவன் போனுக்குச் சிவப்புத் தகவல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. “என்ன மேடம் பண்ணிவச்சிருக்கீங்க?” என்றான். “பிரிச்சுப் பாத்தேன் சார்” என்றாள். அவனுக்குப் புரியவில்லை. அவன் உட்கார்வதற்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையை அவன் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியைத் திறந்து வைத்தாள்.